டீச்சர்கிட்ட கேளுங்க: பந்து தராத பையனும் பேசிக்காத ரெண்டு டீமும்

போன இதழ்ல, உங்க ஊர் புள்ளைங்க சேர்ந்து வெளையாடறதுல என்ன சிக்கல் இருக்குன்னு எழுதி அனுப்புங்கன்னு ரெண்டு வரி போட்டிருந்தேங்க. கடுதாசியும் வாட்ஸப்புமா வந்து குமிஞ்சிருச்சு, தமிழ்நாடு கேரளா எல்லையில இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவுல தமிழ் மீடியம் ஸ்கூல்கள்ல 27 வருஷம் பிடி டீச்சரா கிரவுண்டுலயே நின்னவ நான், அதனால இந்த விஷயத்துல எனக்கு சொல்றதுக்கு நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் எடம் பத்தாது, ஏழு கேள்விய மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: என் பையன் ஏழாங்கிளாஸ் படிக்கறான் டீச்சர். ஃபுட்பால்ல கெட்டிக்காரன். ஆனா கால்ல பந்து வந்துட்டா யாருக்கும் தரமாட்டான், தோத்துட்டா பாதியில அழுதுட்டு வீட்டுக்கு வந்துருவான். இப்ப மத்த பசங்க இவன கூப்பிடறதே இல்ல. எத்தனையோ தடவ புத்தி சொல்லிட்டோம். (ஒரு அம்மா, கொழிஞ்சாம்பாறை)

பதில்: மொதல்ல புத்தி சொல்றத நிறுத்திருங்கம்மா. உங்க பையன் கெட்டவன் இல்ல. சின்ன வயசுலருந்து அவன்கிட்ட நாம எல்லாருமே கேட்டது ஒரே கேள்விதான், "எத்தன கோல் போட்ட சாமி?" அவன் அதுக்கு பதில் சொல்றதுக்காக வெளையாடறான், அவ்வளவுதான். இனிமே கிரவுண்டுலருந்து வந்தா "இன்னிக்கு உனக்கு யாரு பந்து குடுத்தா, நீ யாருக்கு குடுத்த"ன்னு கேளுங்க. ஒரு வாரம் மொறைப்பான், பரவால்ல, கேட்டுட்டே இருங்க.

அப்பறம் அவன் கூட வெளையாடற பசங்கள நாலு நாலு பேரா சின்ன டீமா பிரிச்சு, சின்ன எடத்துல வெளையாட விடுங்க, அதுல ஒரே ஒரு ரூல் சேருங்க: டீம்ல இருக்கற நாலு பேரும் பந்த தொட்டப்பறம் போட்டாத்தான் கோல் கணக்கு. இந்த ஒத்த ரூல் பண்ற வேலைய பத்து வருஷ அட்வைஸ் பண்ணாதுங்க. கெட்டிக்காரப் பையன் இருக்கான் பாருங்க, அவன் இப்ப கூட இருக்கற மெதுவான பையனுக்கு எப்படி பந்து குடுத்தா அவன் தவற விடமாட்டான்னு யோசிக்க ஆரம்பிப்பான். என் கிளாஸ்ல இதே மாதிரி ஒருத்தன் இருந்தான், மூணாவது நாள் அவனாவே போயி ஒரு குண்டுப் பையன்கிட்ட "உனக்கு எந்தக் கால்ல வந்தா ஈஸி"ன்னு கேட்டான், நான் மரத்தடியில நின்னு கேட்டுட்டிருந்தேன், எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

கோ கோவும் வெளையாட விடுங்க. தொரத்தற டீம்ல எட்டுப் பேரு நடுவுல ஆளுக்கொரு பக்கம் பாத்து மாத்தி மாத்தி உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் மட்டும்தான் ஓடலாம், அவரும் நடுக்கோட்ட தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது, ஓட ஆரம்பிச்ச தெசைய மாத்தக் கூடாது. எவ்வளவு வேகமா ஓடறவனா இருந்தாலும் சரியான நேரத்துல உக்காந்திருக்கறவன் முதுகுல தட்டி "கோ" குடுத்தே ஆகணும், இல்லாட்டி ஆள் தப்பிச்சுப் போயிருவான். தனியா ஜெயிக்கவே முடியாத மாதிரியே அமைச்சு வெச்ச ஆட்டம் அது. தோத்துட்டு அழுதா அந்த நேரத்துல ஒண்ணும் பேசாதீங்க, தண்ணி குடுங்க, சாப்பாடு போடுங்க, ராத்திரி படுக்கறப்ப கேளுங்க.

கேள்வி: எங்க வாயனசாலையில, அதான் ஊர் நூலகத்துல, பசங்க ரெண்டு கோஷ்டியா இருக்காங்க டீச்சர். தமிழ் மீடியம் பசங்க ஒரு டீம், மலையாளம் மீடியம் பசங்க ஒரு டீம். போன ஓணத்துக்கு வடம்வலி வெச்சோம், கயிறு இழுத்து முடியறதுக்குள்ள கைகலப்பு ஆயிருச்சு. அதுக்கப்பறம் ஒண்ணா உக்கார வெச்சு பாயசம் குடுத்து சமாதானம் பண்ணிப் பாத்தோம், அங்கயும் சண்ட. இந்த வருஷம் ஓணம் வெளையாட்டே வேண்டாம்ங்கறாங்க பெரியவங்க. (வாயனசாலை பொறுப்புல இருக்கற ஒரு இளைஞர், வேலந்தாவளம் பக்கம்)

பதில்: தம்பி, வெளையாட்ட நிறுத்தாதீங்க, மாத்துங்க. நீங்க பாயசம் குடுத்து சமாதானம் பண்ணிப் பாத்தது தப்பில்ல, ஆனா அது வேலை செய்யாதுன்னு 70 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் பாத்து எழுதி வெச்சிருக்கார். முசாஃபர் ஷெரீஃப்னு துருக்கியில பொறந்த மனோதத்துவ நிபுணர். 1954ல அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல ஒரு காட்டுக்குள்ள கேம்ப் போட்டு, பதினொண்ணு பன்னெண்டு வயசுப் பசங்க 22 பேர ரெண்டு கோஷ்டியா பிரிச்சு தனித்தனியா தங்க வெச்சாங்க. ஒரு கோஷ்டி இருக்கறது இன்னொரு கோஷ்டிக்கு தெரியாது. அப்பறம் பரிசு வெச்சு போட்டி நடத்துனாங்க, அதுலயும் கயிறு இழுக்கற போட்டி உண்டு. கொஞ்ச நாள்லயே ஒருத்தர் கொடிய இன்னொருத்தர் எரிக்கறது, ராத்திரி போயி அடுத்தவங்க ரூம கலைச்சுப் போடறதுன்னு ஆயிருச்சு. அத்தனையும் நல்ல குடும்பத்துப் பசங்க, முன்ன பின்ன ஒருத்தர ஒருத்தர் தெரியாது.

அப்ப அவங்களும் உங்கள மாதிரிதான் ஒண்ணா உக்கார வெச்சு சாப்பாடு போட்டாங்க, சினிமா காட்டுனாங்க. சாப்பாட்ட எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சதுதான் மிச்சம். எது வேலை செஞ்சுதுன்னா, கேம்ப்புக்கு தண்ணி வர்றது நின்னு போச்சு, ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து தேடுனாத்தான் அடைப்ப கண்டுபுடிக்க முடியும். சாப்பாடு கொண்டு வர்ற லாரி கெளம்ப மாட்டேங்குது, எல்லாரும் சேர்ந்து இழுத்தாத்தான் நகரும். எத வெச்சு இழுத்தாங்க தெரியுமா, ரெண்டு கோஷ்டியும் எதிரும் புதிருமா இழுத்து சண்ட போட்ட அதே கயிற வெச்சு. கடசியில ஒரே பஸ்ல வீட்டுக்கு போனாங்க. பெரியவங்களே இப்படி பசங்கள தூண்டி விட்டு வேடிக்கை பாக்கலாமான்னு அந்த ஆராய்ச்சிய பத்தி பின்னாடி நெறைய பேர் கேட்டாங்க, அது நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தப் பகுதி படிக்கறப்ப மனசு ஒப்பல. ஆனா அந்தக் கயிறு சங்கதி மட்டும் எனக்கு மறக்கவே இல்ல.

இப்ப உங்க ஊருக்கு வரேன். ஓணத்துக்கு முன்னாடி ஒரு நாலு ஞாயித்துக்கிழமை எடுத்துக்கங்க. மொத மூணு ஞாயிறு ஸ்கோரே கெடையாது, டீமும் ஸ்கூல் வெச்சு பிரிக்கக் கூடாது. பொறந்த மாசத்த வெச்சு பிரிங்க, ஜூன் வரைக்கும் ஒரு பக்கம், ஜூலையிலருந்து ஒரு பக்கம். யாரும் கோவிச்சுக்க முடியாது.

மொத ஞாயிறு தண்ணி டிரம். வாயனசாலை முன்னாடி ஒரு காலி டிரம் வைங்க, முப்பது அடி தள்ளி தண்ணித் தொட்டி, ஆளுக்கொரு சிரட்டை, சிரட்டையோட கண்ண ஓட்டை போட்டுருங்க. ஓட்டைய வெரலால அடைக்காம வரிசையா நின்னு கை மாத்தி கை மாத்தி டிரம்ம பத்து நிமிஷத்துல ரொப்பணும். ரெண்டு டிரம் வெச்சு போட்டி ஆக்கிராதீங்க, ஒரே டிரம், எல்லாரும் ஒரே பக்கம். மொத தடவ ரொம்பவே ரொம்பாது. அப்ப நீங்க வாயத் தெறக்காம நில்லுங்க, இதுதான் கஷ்டமான பகுதி, எனக்கு இத கத்துக்கவே அஞ்சாறு வருஷம் ஆச்சு. அவங்களே கத்தி, தப்பு சொல்லி, அப்பறம் எவனோ ஒருத்தன் "நெருங்கி நில்லுங்கடா, நடுவுல கேப் விடாதீங்க"ன்னு சொல்லுவான். அவன் எந்த ஸ்கூல்னு அந்த நேரத்துல யாரும் பாக்க மாட்டாங்க.

ரெண்டாவது ஞாயிறு கண்ணக் கட்டி கூட்டிட்டுப் போறது. ஜோடி ஜோடியா, ஒருத்தருக்கு கண்ணு கட்டி, இன்னொருத்தர் தொடாம வாயால மட்டும் வழி சொல்லி கல்லு, சேர், வாளியெல்லாம் தாண்ட வைக்கணும். இதுல நான் ஒரு சின்ன வேலை பண்ணுவேன், தமிழ் மீடியம் பையன் மலையாளத்துலதான் வழி சொல்லணும், மலையாளம் மீடியம் பையன் தமிழ்லதான் சொல்லணும். நம்ம ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு பாஷையும் தெரியும், ஆனா கோவம் வந்தா ஒரே பாஷைதான் வாயில வரும், அதான் பிரச்சனையே. "இடத்தோட்டு, இடத்தோட்டு, நில்லு"ன்னு நம்ம பையன் சொல்ல, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்"னு அவன் சொல்ல, கால் தடுக்கி விழாம கொண்டு போயி சேத்தவன் மேல ஒரு நம்பிக்கை வருது பாருங்க, அத யாரும் மேடையில பேசி வர வைக்க முடியாது.

மூணாவது ஞாயிறு நெஜமான வேலை ஏதாவது ஒண்ணு குடுங்க. கிரவுண்டுல முள்ளு வெட்டறது, ஓணத்துக்கு ஊஞ்சல் கட்டறது, எதுவானாலும் சரி, ரெண்டு கோஷ்டியும் இல்லாம முடியாத அளவுக்கு பெருசா இருக்கணும். நாலாவது ஞாயிறு வடம்வலி வெச்சுக்கங்க, பொறந்த மாச டீமோடயே. நம்ம பக்கத்துல வடம்வலிக்கு ஏழு பேரு கணக்கு, ஏழு பேருல யாரு முன்ன நிக்கணும் யாரு கடசியில கயிற சுத்திக்கணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும். ஒவ்வொரு ஞாயிறும் முடிஞ்சப்பறம் பத்து நிமிஷம் வட்டமா உக்காந்து மூணே கேள்வி: என்ன நடந்துச்சு, எது உதவுச்சு, அடுத்த தடவ என்ன மாத்தலாம். யாரு மேல தப்புங்கற கேள்வி அந்த வட்டத்துல கெடையாது.

கேள்வி: கிளாஸ்ல குரூப் வேலை குடுத்தா ரெண்டு பேரு செய்யறாங்க, நாலு பேரு வேடிக்கை பாக்கறாங்க. மார்க்கு மட்டும் எல்லாருக்கும். (ஒரு டீச்சர், மீனாட்சிபுரம்)

பதில்: இது பசங்களோட சோம்பேறித்தனம்னு மட்டும் நெனைக்காதீங்க டீச்சர். ரிங்கல்மான்னு ஃபிரான்ஸ்ல ஒரு விவசாய என்ஜினியர், ஆளுங்கள கயிறு இழுக்க வெச்சு எவ்வளவு பலம் போடறாங்கன்னு அளந்து பாத்து 1913ல வெளியிட்டார். எட்டுப் பேரு சேர்ந்து இழுக்கறப்ப ஒவ்வொருத்தரும் தனியா இழுக்கறதுல பாதி பலத்ததான் போடறாங்கன்னு வந்துச்சு. ஒரு காரணம் எல்லாரும் ஒரே நொடியில இழுக்கறதில்ல. இன்னொரு காரணம், நாம விட்டாலும் கூட இருக்கறவங்க இழுத்துக்குவாங்கங்கற நெனப்பு. 1974ல அமெரிக்காவுல ஆளுங்க கண்ணக் கட்டி, பின்னாடி ஆள் இழுக்கறாங்கன்னு நம்ப வெச்சு, உண்மையில தனியா இழுக்க விட்டுப் பாத்தாங்க, அப்பவும் பலம் கொறைஞ்சுது. பெரியவங்களுக்கே அப்படி.

மொத காரணத்துக்கு நம்ம ஆளுங்க எப்பவோ மருந்து கண்டுபுடிச்சுட்டாங்க. ஐலசா போட்டு இழுக்கறது எதுக்கு? ஆலப்புழை வள்ளம்களியில, அதான் படகுப் போட்டியில, ஒரு சுண்டன் வள்ளத்துல நூறு பேரு கிட்ட துடுப்பு போடறாங்க, வஞ்சிப்பாட்டுங்கற படகுப்பாட்டும், நடுவுல நின்னு பலகைய இடிச்சு தாளம் போடறவங்களும் இல்லேன்னா அந்த வள்ளம் நேரா போகுமா? கிளாஸ்லயும் தாளம் வேணும், பத்து நிமிஷம் படி, அஞ்சு நிமிஷம் பேசு, அஞ்சு நிமிஷம் எழுதுன்னு.

ரெண்டாவது காரணத்துக்கு, ஒவ்வொருத்தர் கையிலயும் அவங்க இல்லாட்டி வேலை முடியாத ஒரு துண்டு இருக்கணும். எலியட் ஆரன்சன்னு ஒரு பேராசிரியர் 1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் ஊர்ல இத ஆரம்பிச்சார். கருப்பினப் பசங்களும் வெள்ளைக்காரப் பசங்களும் மெக்சிகோ வம்சாவளிப் பசங்களும் அப்பதான் ஒரே கிளாஸ்ல உக்காந்து, தெனம் சண்டையா இருந்த நேரம். பாடத்த துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கொரு துண்டு குடுத்துட்டார். நம்ம பாலக்காட்டுக் கணவாய எடுத்துக்கங்க, ஒருத்தனுக்கு காத்து, ஒருத்திக்கு மழை, ஒருத்தனுக்கு ரோடும் ரயிலும், இன்னொருத்திக்கு பயிரு. காத்து படிக்கற பசங்க எல்லா குரூப்புலருந்தும் ஒண்ணா கூடி மொதல்ல அவங்களுக்குள்ள பேசி தெளிவாகணும், அப்பறம் அவங்கவங்க குரூப்புக்கு திரும்பிப் போயி மத்தவங்களுக்கு சொல்லித் தரணும். கடசியில பரீட்சை எல்லாத் துண்டுலருந்தும், மார்க்கு அவங்கவங்களுக்கு தனித்தனி. பேசவே பேசாத பொண்ணு வாயிலருந்துதான் மழை வரணும்னா, மத்த மூணு பேரும் கம்முனு உக்காந்து அவ பேசறத கேப்பாங்க, இல்லாட்டி அவங்களுக்குத்தான் நஷ்டம். ஆறு பேருக்கு மேல குரூப் வைக்காதீங்க.

கேள்வி: நான் ப்ளஸ் ஒன் படிக்கறேன் டீச்சர். டீம் பிரிக்கறப்ப எப்பவும் கடசியா நிக்கறது நான்தான். "சரி இவளையும் வெச்சுக்கோ"ம்பாங்க. அதனால இப்ப கிரவுண்டுக்கே போறதில்ல. (ஒரு மாணவி, முதலமட)

பதில்: கண்ணு, உன் கடுதாசிய நான் ரெண்டு தடவ படிச்சேன். தப்பு உன்கிட்ட இல்ல, டீம் பிரிக்கற முறையிலதான் இருக்கு. ரெண்டு கேப்டன் நின்னு, சந்தையில மாடு பாக்கற மாதிரி ஒவ்வொருத்தரா பாத்து கூப்பிடறது இருக்கே, அத நான் வேலைக்கு சேர்ந்த மூணாவது வருஷத்தோட விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் நானும் அப்படித்தான் பிரிச்சேன், எத்தன புள்ளைங்க உன்ன மாதிரி கடசியா நின்னிருக்குமோன்னு நெனைச்சா இன்னும் சங்கடமா இருக்கு. இத படிக்கற பிடி டீச்சர்ங்க எல்லாருக்கும் சொல்றேன், சீட்டு போடுங்க, பொறந்த தேதி வெச்சு பிரிங்க, ஒண்ணு ரெண்டு சொல்ல வெச்சு பிரிங்க, ஒரு புள்ளைய எல்லாரு முன்னாடியும் மிச்சமா நிக்க விடாதீங்க.

நீ என்ன பண்ணலாம்னா, உன் பிரெண்டு ஏழு பேர சேத்துக்க. நல்லா காஞ்ச நீளமான சோளத்தட்டு ஒண்ணு எடுத்துக்க, எடையே இருக்கக் கூடாது. ரெண்டு வரிசையா எதிரெதிரா நின்னு, எல்லாரும் ஆள்காட்டி வெரல மட்டும் நீட்டி, நெஞ்சு ஒசரத்துல தட்ட வெரல் மேல வைங்க. தட்டுலருந்து ஒருத்தர் வெரலும் விலகாம அத தரையில கொண்டு போயி வைக்கணும். கேக்க ஈஸியா இருக்கும், செஞ்சு பாரு, தட்டு கீழ போறதுக்கு பதிலா மேல போகும்! வெரல் விலகிரக் கூடாதேன்னு ஒவ்வொருத்தரும் துளி துளியா மேல தள்ளுவீங்க, அதான். பலமும் வேகமும் இங்க எதுக்கும் உதவாது. பொறுமையா கவனிச்சு, "எல்லாரும் மூச்சு விடுங்க, இப்ப ஒரு இஞ்ச் எறக்கலாம்"னு சொல்ற ஆள்தான் வேணும். ரொம்ப நாளா ஓரமா நின்னு எல்லாத்தையும் பாத்துட்டிருந்த ஆளுக்கு அது நல்லா வரும், நீயே செஞ்சு பாத்துட்டு எனக்கு எழுது.

கேள்வி: எங்க காலத்துல யாரும் சொல்லித் தரல, நாங்களா வெளையாடுனோம், ஒத்துமையா இருந்தோம். இப்ப எல்லாம் கையில போனு. இதுக்கெல்லாம் கிளாஸ் எடுக்கணுமா? (ஒரு தாத்தா, கோவிந்தாபுரம்)

பதில்: அய்யா, பாதி ஒத்துக்கறேன். குலை குலையா முந்திரிக்கா, கிளித்தட்டு, பூப்பறிக்க வருகிறோம் எல்லாம் யாரும் சொல்லித் தராம பெரிய புள்ளைங்ககிட்டருந்து சின்ன புள்ளைங்களுக்கு வந்துச்சு. இப்ப தெருவுல அந்தப் பெரிய புள்ளைங்க இல்ல, டியூஷனுக்கு போயிருச்சுங்க. ஆனா அந்தக் காலத்துலயும் எங்க தெருவுல சேத்துக்காத புள்ளைங்க இருந்தாங்கய்யா, சாதி சொல்லி சேத்துக்காதவங்க, கால் நடக்க முடியாததால சேத்துக்காதவங்க, அவங்கள கேட்டா வேற கதை சொல்லுவாங்க. நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க, சாயங்காலம் அரை மணி நேரம் தெருவுல சேர் போட்டு உக்காந்து கிளித்தட்டுக்கு கோடு போட்டுக் குடுங்க. போன புடுங்கறத விட அது நல்லா வேலை செய்யும்.

கேள்வி: போட்டியே இல்லாம வளத்தா நாளைக்கு வேலைக்கு போற எடத்துல எப்படி நிப்பாங்க? (ஒரு அப்பா, ஆனைமலை)

பதில்: போட்டி வேண்டாம்னு நான் சொல்லலீங்க, நானே கபடி ஆடுனவ. கபடியில அவுட் ஆயி வெளிய உக்காந்திருக்கற புள்ள எப்ப திரும்ப உள்ள வரும்? கூட ஆடறவ எதிராளிய அவுட் ஆக்குனாத்தான். ஜெயிக்கற வெறிக்குள்ளயே அடுத்தவள உசுரோட கொண்டு வர்ற ரூலும் இருக்கு. எட்டு ஒம்பது வயசு வரைக்கும் சேர்ந்து ஜெயிக்கற வெளையாட்டு நெறைய, போட்டி கொஞ்சமா. அதுக்கப்பறம் ரெண்டும் இருக்கட்டும். இது என் அனுபவத்துல வந்த கணக்கு.

கேள்வி: எங்க பாலசபாவுல, அதான் குடும்பஸ்ரீயோட புள்ளைங்க குழுவுல, 25 புள்ளைங்க. ஜூன் மாசம் மழை வந்தா ஒரே ரூம்தான். காசு கெடையாது. என்ன வெளையாடலாம்? (குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்கா ஒருத்தர், எருத்தேன்பதி)

பதில்: அக்கா, அரிசிச் சாக்கு பத்து கெடைக்குமா? தரையில விரிச்சு, பாட்டு பாடிட்டே எல்லாரும் சுத்தி வரணும், பாட்டு நின்னா சாக்கு மேல ஏறி நிக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்க எடுத்துருங்க, ஆனா ஒருத்தரையும் அவுட் ஆக்கக் கூடாது. கடசியில மூணு நாலு சாக்குல 25 பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சுட்டு நிக்கணும். கனடாவுல டெர்ரி ஆர்லிக்னு ஒரு விளையாட்டு மனோதத்துவ நிபுணர் மியூசிக்கல் சேர இப்படி மாத்தி வெளையாட வெச்சார். பழைய மியூசிக்கல் சேர்ல மொதல்ல அவுட் ஆகற புள்ளதான் அதிகம் வெளையாட வேண்டிய புள்ள, அது போயி ஓரமா உக்காந்துக்கும். இதுல அந்த சின்னதத்தான் மத்தவங்க தூக்கி இடுப்புல வெச்சுக்குவாங்க. ஈரத்தரையில மட்டும் வேண்டாம், சாக்கு வழுக்கிரும்.

இன்னொண்ணு வாய்க்கா வெளையாட்டு. வாழை மட்டைய ஒரு மொழ நீளத்துக்கு வெட்டி ஆளுக்கொண்ணு குடுங்க. வரிசையா நின்னு மட்டைய ஒண்ணுக்கொண்ணு ஒட்ட வெச்சு, கோலிக்குண்ட ஒரு மூலையில விட்டு கடசி மூலையில இருக்கற சொம்புக்குள்ள விழ வைக்கணும். குண்டு தன் மட்டைய தாண்டுன உடனே அந்தப் புள்ள ஓடிப் போயி வரிசை முன்னாடி நிக்கணும், கையால குண்ட தொடக் கூடாது, கீழ விழுந்தா மொதல்லருந்து. நம்ம புள்ளைங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம், ஆளியாத்துத் தண்ணி எப்ப வரும்னு காத்திருக்கற வீட்டுல பொறந்ததுங்க. தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தத்துல சித்தூர் பக்கத்துக்கு வருஷம் 7.25 டிஎம்சி தண்ணின்னு எழுதியிருந்தாலும், தலைமடைக்காரன் மடைய அடைச்சுட்டா கடைமடைக்காரன் வயலுக்கு சொட்டு வராதுன்னு அதுங்க வீட்டுலயே கேட்டு வளந்திருக்கும். நான் ஒரு தடவ வெளையாட விட்டப்ப ஒரு அஞ்சாங்கிளாஸ் பொண்ணு, குண்டு கீழ விழுந்ததும், "என் மட்டையில நல்லாத்தான் வந்துச்சு"ன்னு சொன்ன பையன பாத்து, "சொம்புக்கு வந்துச்சா?"ன்னு கேட்டா. ரூமே அமைதியாயிருச்சு, அடுத்த தடவ குண்டு போயி சேந்துருச்சு.

மட்டை அன்னிக்கு வெட்டுனதா இருக்கட்டும், காஞ்சு போனா சுருண்டுக்கும். வாழைக்கறை துணியில பட்டா போகாது, அதனால பழைய டிரஸ் போட்டுட்டு வரச் சொல்லிருங்க. 25 பேருக்கும் ஒரே வரிசை வேண்டாம், எட்டு எட்டு பேரா மூணு வரிசை, மிச்சம் ஒருத்தர் சொம்பு புடிக்கட்டும், மூணு வரிசைக்கும் சொம்பு ஒண்ணுதான்.